ஈர வெப்பமும் நம் உடல் நலமும்

(சங்கத்தின் சித்திரை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியச் செல்வர்கள் முழங்கிச் சென்ற இம்மேடையில், இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எழுத்தர் வீட்டாரை நிறுத்தி, உடல் நலம் பற்றிச் சில சொல்லுமாறு செயற்குழுவினர் பணித்திருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்தவர்கள் நாங்கள். மருத்துவம் கற்றவர்கள் அல்லோம். ஆயினும் இக்கொல்கத்தா நகரில் இருபது கோடைகளை வியர்த்துக் கழித்திருக்கின்றோம். அந்த இருபதில் ஒரு கோடை எங்கள் வீட்டில் கண்ணீரோடு கழிந்தது. அதனைச் சொல்வதற்காகவே இப்பணியை ஏற்றுக்கொண்டோம். அதற்குமுன் இவ்வூர் வெப்பத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வெயிலுக்கு அஞ்சாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். திருச்சிராப்பள்ளியின் அக்கினி நட்சத்திர வெயிலில் வளர்ந்தோம். மதுரையின் மதிய வெயிலில் செருப்பின்றி நடந்த கால்களும் இங்கே பல உண்டு. 'எங்கள் ஊரில் காணாத வெயிலா?' என்று எண்ணித்தான் ஹௌராவில் வந்து இறங்குகின்றோம். கணக்கைப் பார்த்தாலும் இவ்வூர் வெயில் பெரிதன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று 43 பாகை பதிவானது போன்ற நாள்கள் இங்கே அரியன. மே மாதத்துப் பகலில் பெரும்பாலும் 35, 36 பாகை செல்சியஸ்தான். அவ்வாறிருந்தும், இறங்கிய இரண்டாம் நாளே சட்டை முதுகோடு ஒட்டுகின்றது. இரவில் படுக்கை நனைகின்றது. ஒரு வாரத்திற்குள் உடலெங்கும் அரிப்பு. ஏன்?

வங்காளிகள் இதற்கென்றே 'பேப்சா கொரோம்' என்றொரு சொல் வைத்திருக்கின்றனர். வெயில் சுடுவதை அவர்கள் அவ்வாறு சொல்லார். காற்று அசையாமல், மேகம் மூடி, இட்லிப் பானைக்குள் இருப்பது போன்ற புழுக்கத்தையே சொல்வர். வெப்பத்தையும் புழுக்கத்தையும் அவர்கள் பிரித்தறிந்திருக்கின்றனர். நாமோ இரண்டையும் ஒன்றென எண்ணி, ஊரில் கற்ற பழக்கங்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

எங்கள் அலுவலகத்திற்கு நாகபுரியிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், வீட்டுச் சாமான்களோடு பெரிய ஏர்கூலர் ஒன்றையும் கொண்டுவந்தார். நாகபுரியில் அஃது இன்றிக் கோடை கழியாது. நனைந்த தட்டியின் வழியே வறண்ட காற்று நுழைந்து, நீரை ஆவியாக்கித் தான் குளிர்ந்து வீட்டுக்குள் வரும். ஜூன் மாதத்தில் ஒரு மாலை அவர் எங்களை விருந்துக்கு அழைத்து, பெருமையோடு அக்கருவியை முடுக்கினார். அரை மணி நேரத்தில் சுவர் வியர்த்தது, அப்பளம் நமுத்தது, குழந்தைகள் வெளியே ஓடிவிட்டனர். இங்கே காற்று ஏற்கெனவே நீரைக் குடித்து வயிறு நிறைந்திருக்கின்றது. அதற்கு மேலும் நீர் ஊட்டினால் என்னாகும்? அக்கருவி இன்று அவர் வீட்டில் வெங்காயம் வைக்கும் அலமாரியாகப் பயன்படுகின்றது.

அன்றிரவு வீடு திரும்பியதும் பள்ளிப் பாடநூலில் படித்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்ற வேண்டும். துணியின் நீர் ஆவியாகும் அளவிற்கு அந்த வெப்பமானி கீழிறங்கும். ஈரம் சுற்றிய அந்தக் குமிழ்தான் வியர்த்த நம் உடல் என்று கொள்ளலாம். ஊரில் 40 பாகை வெயில் அடிக்கின்றது, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் ஏறத்தாழ 24 பாகைக்கு இறங்கிவிடும். இங்கே வெயில் 36 பாகைதான்; ஆனால் ஈரப்பதம் 70 ஆக இருந்தால் ஈரக்குமிழ் 31 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும். நான்கு பாகை குறைந்த வெயில் ஏழு பாகை மிகுந்த துன்பம் தருவது இவ்வாறுதான். ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா அமர்ந்திருக்கும் நலமுடைய மனிதரும் சில மணி நேரத்திற்கு மேல் தாங்கார் என்று 2010இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். பின்னர் 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, 31 பாகையை அடுத்தே உடல் தன் வெப்பத்தை அடக்க இயலாமல் தடுமாறத் தொடங்குவதைக் கண்டனர். அந்த 31 நமக்கு அயலானதன்று. நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒவ்வோர் ஆண்டும் வந்து நிற்பது.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டு செல்லும். ஆவியானால் என்பதைக் கவனிக்க வேண்டும். சொட்டித் தரையில் விழுந்த வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஆகவே இவ்வூரில் நாம் செய்ய வேண்டுவதெல்லாம் தோலின்மேல் ஈரம் தங்காமல் உலர வழி செய்வதே. வீடு, உடை, குளியல் ஆகிய மூன்றையும் இந்த ஒரே நோக்கில் பார்த்தால் போதும்.

வீட்டைப் பாருங்கள். வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும், பச்சை வண்ணம் பூசிய மரச் சட்டங்களாலான ஜன்னல் கதவுகளும் இருக்கும். அச்சட்டங்களைச் சாய்த்தால் வெயில் நுழையாது, காற்று நுழையும். ஊரில் நாம் நண்பகலில் கதவு ஜன்னல்களை அடைத்து இருட்டில் படுப்போம். வறண்ட அனற்காற்றுக்கு அது சரி. இங்கே அவ்வாறு அடைத்தால் உள்ளிருப்போரின் மூச்சும் சமையலறை ஆவியும் சேர்ந்து வீடே குக்கராகிவிடும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, வெயிலை மட்டும் திரையால் மறைப்பது நன்று. படுக்கையறையில் கொடி கட்டித் துணி உலர்த்துவது மழைக்காலத்தில் நாம் எல்லோரும் செய்யும் பிழை. அத்துணியிலிருந்து வெளியேறும் நீர் முழுவதும் நாம் உறங்கும் காற்றில்தானே கலக்கின்றது? குடியிருப்பின் மாடிப்படி முகப்பில் கொடி கட்டிக்கொள்வதற்காக எதிர்வீட்டாரோடு இரண்டு ஆண்டுகள் நாங்கள் வழக்காடியிருக்கின்றோம். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. அதனை இங்கே விரிக்க வேண்டா.

மின்விசிறி இவ்வூரில் பெருந்துணை. உடலைச் சூழ்ந்து நிற்கும் ஈரக்காற்றை அது விலக்குகின்றது. கைகால், கழுத்து ஆகியவற்றை நனைத்துக்கொண்டு விசிறியின்கீழ் அமர்வது இன்னும் நன்று. காற்று 40 பாகைக்கு மேல் கொதிக்கும் அரிய நாள்களில் மட்டும் விசிறியை நம்பியிருத்தல் ஆகாது.

இனிக் குளியல். நம்மவர் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பதைப் பெருமையாகச் சொல்லுகின்றனர். குளிப்பது நன்றே; ஆனால் குளித்தபின் என்ன செய்கின்றோம்? அலுவலகத்திற்கு நேரமாயிற்றென்று அரைகுறையாகத் துவட்டி, ஈர உடலின்மேல் பனியனை இழுத்து, அதன்மேல் சட்டையையும் மாட்டிக்கொண்டு இரயிலுக்கு ஓடுகின்றோம். அக்குளும் தொடையிடுக்கும் விரலிடுக்கும் மாலைவரை ஈரத்திலேயே ஊறுகின்றன. இதிலே வங்காளிகளிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் வீடுதோறும் காம்சா என்னும் மெல்லிய கட்டம் போட்ட பருத்தித் துண்டு இருக்கும். நம் ஊர் ஈரிழைத் துண்டின் உடன்பிறப்பு அது. பிழிந்து உதறினால் விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும். நாமோ கடையில் கண்ட தடித்த பூத்துவாலையை வாங்கிக் குளியலறைக் கதவின் பின்புறம் தொங்கவிடுகின்றோம். ஜூலை மாதத்தில் அது காலையில் நனைந்தால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். அந்த ஒன்றையே வீட்டில் நால்வர் பயன்படுத்துவர்.

வேர்க்குருவுக்கு இவ்வூரார் வழங்கும் பெயர் 'காமாச்சி'. ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியம்மா, அடுத்த வீட்டு அம்மையார் குழந்தையின் முதுகைக் காட்டிக் 'காமாச்சி, காமாச்சி' என்றதைக் கேட்டு, அம்மை கண்டிருக்கின்றது, அம்மனைச் சொல்கின்றார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்! வேர்க்குரு என்பது வியர்வை வழி அடைபட்டதால் வருவது. காற்றுப் பட்டால் தானே தணியும். அதன்மேல் எண்ணெயும் களிம்பும் பூசுவதும், வியர்வையில் குழைந்து பசையாகுமளவு பவுடரை அள்ளிக் கொட்டுவதும் அடைப்பை மிகுவிக்கும் என்பதோடு அதனை விட்டுவிடுவோம்.

உணவில் நாம் கவலைப்பட வேண்டுவதில்லை. நம் மோருக்கு இங்கே 'கோல்' என்றும், பழைய சோற்றுக்குப் 'பாந்தா பாத்' என்றும் பெயர். மாங்காயைச் சுட்டுப் பிசைந்து உப்பும் வெல்லமும் கூட்டி இவர்கள் செய்யும் பானகத்தை ஒரு முறை பருகியவர் பாட்டில் பானங்களை நாடார். முதியோர்க்குத் தாகம் தோன்றுவது குறைவாகையால், கேளாமலே அவர்களுக்கு நீர் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தில் பணிபுரியும் நம் டிராக்மேன் சகோதரர்கட்கு ஒரு சொல்: உடன் பணிபுரிபவர் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, உடல் நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. வியர்க்கின்றதே என்று ஐயுற வேண்டா. வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் அது வரும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுக. நினைவு தெளியாதவர்க்கு வாயில் நீர் புகட்டலாகாது.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. இதனைச் சொல்வதற்கு எங்கள் மகளின் இசைவைக் கேட்டுப் பெற்றிருக்கின்றோம்.

முந்தைய ஆண்டு ஆடி மாதத்தில் மைத்துனர் ஒருவர் வேலை தேடி ஊரிலிருந்து வந்தார். எங்கள் குடியிருப்பில் இடம் போதாமையால், இளைஞர் அறுவர் கூடி வாழும் ஓர் அறையில் சேர்ந்தார். ஓர் அறை, ஒரு கொடி, இரண்டு துவாலைகள். நாள் முழுதும் உடலை இறுக்கும் ஜீன்ஸ் உடை. புரட்டாசி முடிவதற்குள் அவர் தொடையிடுக்கில் வட்டமாக ஓர் அரிப்பு. சொல்ல நாணினார். மருந்துக் கடையில் பெயரைக்கூடச் சொல்லாமல் 'அரிப்புக்கு ஏதேனும்' என்று கேட்டு ஒரு களிம்பு வாங்கினார். பூசிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. நிறுத்தியதும் வந்தது, மறுபடியும் பூசினார். இவ்வாறு நான்கு மாதங்கள்.

பின்னர் அறையைக் காலி செய்துகொண்டு எங்களோடு வந்து தங்கினார். தை மாதத்தில் மனைவியாருக்குக் கையில் வட்டம்; மாசியில் பதினான்கு வயது மகளுக்கு இடுப்பிலும் முதுகிலும். பேசக் கூசும் வீட்டில் நோய் தாராளமாகப் பரவும் என்பதை நாங்கள் அப்போது அறிந்திலோம். மைத்துனர் தம்மிடமிருந்த களிம்பையே நல்லெண்ணத்தோடு கொடுத்தார். நாங்களும் வாங்கிப் பூசினோம். கடைக்காரரை மட்டும் குறைகூறி என்ன பயன்? குழந்தையின் முதுகில் அதைத் தடவியவை எங்கள் கைகளே.

அது படர்தாமரை. தோலின் மேற்புறத்து உயிரற்ற படலத்தை உண்டு வாழும் ஒருவகைப் பூசணம். வெப்பமும் ஈரமும் அதற்குத் தாய்வீடு. நாங்கள் பூசிய களிம்பிலோ பூசணத்தைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். உடன் அவ்விடத்தில் நோயை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் அடக்கும். காவலரை உறங்க வைத்துவிட்டுக் கள்வனை உள்ளே விட்டதற்கு அது சமம். வீட்டார் அமைதியாக இருக்கின்றது என்று மகிழ்வர். கள்வன் அறை அறையாகப் புகுவான். வட்ட வடிவம் கலைந்து, இன்ன நோய் என்று மருத்துவரும் எளிதில் அறியா வண்ணம் அது பரவும். தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். இவ்வகை ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் அரசாங்கம் விதித்தது. கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்னும் உண்டு. கேட்கும் நாமும் இருக்கின்றோம். நம் நாட்டில் பரவியுள்ள பூசணத்தில் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத இனம் ஒன்றிருப்பதையும் 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டு விளக்கியிருக்கின்றனர்.

சென்ற ஆண்டு இதே விழாவில், இதே மேடையில் எங்கள் மகள் ஆடவேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று செயலாளர் அவர்களிடம் சொல்லியனுப்பினோம். அது பொய். உடைமாற்றும் அறையில் மற்றப் பெண்கள் முதுகைப் பார்த்துவிடுவார்களே என்று முதல்நாள் இரவெல்லாம் அவள் அழுதாள். முதல்வரிசையில் அமர்ந்து, 'காய்ச்சல் தணிந்ததா?' என்று கேட்டவர்க்கெல்லாம் மறுமொழி கூறிக்கொண்டிருந்தோம். செயலாளர் அவர்கள் மறுநாள் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு இன்றுதான் உண்மையைச் சொல்லுகின்றோம், பொறுத்தருள வேண்டும்.

அதன் பின்னரே தோல் மருத்துவரை நாடினோம். அவர் களிம்பு டப்பாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். 'வீட்டில் எத்தனை பேர்?' என்று கேட்டு, நால்வரையும் பரிசோதித்து, நோய் கண்ட மூவருக்கும் ஒரே நாளில் மருத்துவம் தொடங்கினார். ஒருவர் குணமாகி மற்றவர் நோயோடிருந்தால், அது வீட்டைச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும் என்றார். தோல் தெளிந்து கண்ணுக்கு ஒன்றும் தெரியாமற்போன பின்னரும் அவர் நிறுத்தச் சொல்லும்வரை மருந்தை நிறுத்தலாகாது என்றார். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டில் ஐந்து மாதங்கள் ஆயின.

மருந்தினும் துணிதான் எங்களை வாட்டியது. உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் தனியே பிரித்து, 60 பாகைக்குக் குறையாத வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தோம். வெறும் தண்ணீரில் அலசினால் பூசணத்தின் விதைகள் சாவதில்லையாம். உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி வெயிலில் காயவைத்து, மழைநாளில் தையல் மடிப்புகளின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தோம். பூத்துவாலைகளைத் தரை துடைக்கப் போட்டுவிட்டு, ஆளுக்கு இரண்டு காம்சா வாங்கினோம். பால்கனிச் சுவரில் நான்கு ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு வண்ணம். மைத்துனர் பச்சை. அவர் இப்போது வேலை கிடைத்து ஆசன்சோல் சென்றுவிட்டார், ஆணி இருக்கின்றது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தின் நாட்டிய உடைகளும், நாடகத்திற்கான வேட்டி அங்கவஸ்திரங்களும் ஓர் இரும்புப் பெட்டியில் இருப்பதை யாவரும் அறிவோம். நிகழ்ச்சி முடிந்ததும் வியர்வை ஈரத்தோடு மடித்து உள்ளே வைத்துப் பூட்டுகின்றோம். அடுத்த ஆண்டு திறந்து வேறொரு குழந்தைக்கு உடுத்துகின்றோம். யாரையும் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டியவர்களில் நாங்களும் ஒருவர். இன்றிரவு அப்பெட்டியைப் பூட்ட வேண்டா. உடைகள் அனைத்தையும் கொடியில் தொங்கவிட்டுச் செல்வோம். நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் வருகின்றோம். துவைக்கக் கூடியவற்றை வெந்நீரில் துவைத்து, பட்டாடைகளைச் சலவைக்குப் பிரித்து வைத்து, பெட்டியையும் திறந்து மொட்டை மாடி வெயிலில் கிடத்தலாம். கயிறும் கிளிப்புகளும் எங்களிடம் உண்டு. துணைக்கு நான்கு பேர் வந்தால், பிற்பகலில் காலபைசாகி மேகம் திரளுமுன் முடித்துவிடலாம். பெண்கள் உடுத்திக்கொள்ள ஆளுக்கொரு மெல்லிய பருத்தி உள்ளங்கி தைத்துத் தருவதாக எங்கள் மகள் கூறியிருக்கின்றாள். எட்டாம் நிகழ்ச்சியாக இன்று ஆடவிருப்பவள் அவளே. அவள் உடுத்தும் உடை முன்வாரமே வெயில் கண்டுவிட்டது.